நாற்பதாவது வளைவு

ஜூன் 15, ஞாயிறு
ஓட்டம்: 83 கி.மீ.

பொள்ளாச்சியிலிருந்து எட்டு பைக்குகள். காலை ஆறு மணிக்குப் புறப்பாடு, ஆழியாறு செக்போஸ்ட்டில் ஒரு டீ, அப்புறம் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வால்பாறை. ஏற்றத்தில் என் வண்டி எப்படி வந்தது என்று கேட்டால் ஒரே வார்த்தைதான்: ராஜா. முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ. மேலே ஏறும்போது அந்த எடையே தெரிவதில்லை. இரண்டாம் கியரில் விட்டால் அதுபாட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிறது.

எங்கள் ஆழியாறு க்ரூசர்ஸ் குழுவில் கடைசியாக வரும் வண்டிக்கு வால் என்று பெயர். எவன் பின்தங்கினாலும், எவன் வண்டி மக்கர் செய்தாலும் வால் பார்த்துக்கொள்ள வேண்டும். வால் வந்து சேரும்வரை கீழே ஒருத்தனும் வீட்டுக்குப் போகக் கூடாது. மூன்று வருடமாக நான்தான் வால். குழுவின் தலைவரே வாலாக வருவது எவ்வளவு பெருந்தன்மை என்று ஞானவேல் ஆண்டு விழாவில் மைக் பிடித்துப் பேசியிருக்கிறான்.

திரும்பும்போது, இறக்கத்தின் முதல் வளைவில், அதாவது நாற்பதாவதில், கிளட்ச் வழுக்கியது. எனக்கு முன்னால் போன ஏழு பேரும் அதற்குள் இறங்கிவிட்டார்கள். நான் வண்டியைத் திருப்பி, இருநூறு மீட்டர் மேலே இருக்கும் ஒரு லாட்ஜில் ஏற்றிவிட்டேன். மூன்றே அறை, கீழே ஒரு மெஸ். எஸ்தர் என்ற அம்மாள் நடத்துகிறார். ஞானவேலுக்கு போன் போட்டு, காத்திருக்க வேண்டாம், போய்ச் சேருங்கள் என்றேன். செக்போஸ்ட்டில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார்கள். நல்ல பையன்கள்.

ஜூன் 16, திங்கள்
ஓட்டம்: இல்லை

வீட்டிலிருந்து பாக்கியம் காலையிலேயே போன்.

"ஏனுங்க, பஸ்ஸு ஓடுதுங்கல்ல? ஏறி வந்துருங்க. வண்டி என்ன காலு மொளச்சு ஓடியா போயிரும்?"

"யானை நடமாட்டம் இருக்குது பாக்கியம். இதை இங்க உட்டுட்டு வர முடியாது."

"யானை வந்தா நீங்க புடிச்சுக் கட்டீருவீங்களாக்கும்? மண்டபத்துக்காரரு இன்னைக்கு வரச் சொல்லியிருக்காரு. நந்திதா கேட்டுட்டே இருக்கறா."

என் மகளுக்கு இருபத்தேழாம் தேதி நிச்சயம். இன்னும் பதினோரு நாள் கிடக்கிறது. மண்டபத்தில் எத்தனை நாற்காலி போடுவது என்று பார்க்க நான் எதற்கு? நாளைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லி வைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்
ஓட்டம்: இல்லை

மழை. ரோடு ஈரம்.

ஜூன் 18, புதன்
ஓட்டம்: இல்லை

மழை விட்டுவிட்டது. ஆனால் அஷ்டமி. நாளைக்கு அது முடிந்து நவமி. எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது, ஆனாலும் வீட்டில் ஒரு நல்ல காரியம் வைத்துக்கொண்டு எதற்கு வம்பு.

ஞானவேல் கூப்பிட்டான். "ஏனுங்ணா, மெக்கானிக்கைக் கூட்டிட்டு நான் வரட்டுங்களா? கிளட்ச் பிளேட் அரை நாள் வேலைங்ணா." வேண்டாம் என்றேன். இந்த வண்டியில் கண்டவன் கை வைக்கக் கூடாது, பார்ட்ஸுக்கு நானே சொல்லிவிட்டேன் என்றேன். "அப்படீன்னா டெம்போ அனுப்பட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். நானும் சிரித்தேன்.

டெம்போவில் ஏறி இறங்கிய வண்டிக்கு எங்கள் குழுவில் எழவு எடுப்பது வழக்கம். நான் கொண்டுவந்ததுதான். வண்டிக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, பறையடிக்க ஆள் கூட்டி, ஓனரைத் தலையில் துண்டோடு முன்னால் நடக்க விடுவோம். அப்புறம் எல்லோருக்கும் பிரியாணி. இரண்டு வருடத்துக்கு முன்னால் பல் டாக்டர் குணசீலன் கோத்தகிரி இறக்கத்தில் முடியவில்லை என்று டெம்போவில் வந்தார். நான்தான் முன்னால் நின்று ஒப்பாரி வைத்தேன். வயிறு வலிக்கச் சிரித்தோம். டாக்டரும் சிரித்தார், பிரியாணி சாப்பிட்டார். அடுத்த மாதம் வண்டியை விற்றுவிட்டார். ஏன் விற்றார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஜூன் 19, வியாழன்
ஓட்டம்: இல்லை

சும்மா உட்கார்ந்திருக்கிறேன். உபயோகமாக ஏதாவது எழுதலாம்.

நீளமான, தாழ்வான இந்த மாதிரி வண்டி வளையாது என்று ஏளனம் செய்கிறவர்கள் உண்டு. வளையும். ஆனால் அதற்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். முன் சக்கரம் நன்றாகத் தள்ளி நிற்கிறது, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இடைவெளி அதிகம். நேர் ரோட்டில் அதுதான் சுகம், நூறில் போனாலும் ஒரு கையை எடுத்து மீசையைத் தடவலாம். வளைவில் அதே நீளம் எதிராக நிற்கும். கொஞ்சம் சாய்த்தாலே கால் வைக்கும் தகடு ரோட்டில் கிர்ரென்று உரசும். புதிதாக ஓட்டுகிறவன் அந்தச் சத்தத்துக்குப் பயந்து வண்டியை நிமிர்த்திவிடுவான். நிமிர்த்தினால் போச்சு, வண்டி நேராக எதிர்ப்பக்கம் போகும். உரசினால் உரசட்டும் என்று விட்டுவிட வேண்டும். கண் வளைவின் முடிவில் இருக்க வேண்டும். எங்கே பார்க்கிறோமோ அங்கேதான் வண்டி போகும். ஏறும்போது ஆக்சிலேட்டர் நம்மைக் காப்பாற்றும். இறங்கும்போது முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோவும் பின்னாலிருந்து தள்ளும், பார்வை ஒன்றுதான் துணை. முந்நூறு பேருக்காவது இதைச் சொல்லிக் கொடுத்திருப்பேன்.

இதையெல்லாம் யார் வாங்குகிறார்கள்? எங்கள் எட்டுப் பேரையே எடுத்துக்கொள்ளலாம். ஐம்பதுக்குக் கீழே ஒருத்தனும் இல்லை. இருபதில் வாங்க வழியில்லை, முப்பதில் நேரமில்லை, நாற்பதில் வீட்டில் விடவில்லை. ஐம்பதில் வாங்கும்போது இடுப்பு வலி வந்துவிட்டது. வேகம் வேண்டுமென்றால் இதில் பாதி எடையில் இதைவிட வேகமான வண்டி இருக்கிறது. எங்களுக்கு வேகம் வேண்டாம். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து கார்க்காரன் கண்ணாடியை இறக்கிப் பார்க்க வேண்டும். தேங்காய் நார் ஆலையில் என்னை முதலாளி என்கிறார்கள், வீட்டில் ஏனுங்க என்கிறார்கள். அந்த வண்டியில் உட்கார்ந்தால்தான் யார் இந்த ஆள் என்று கேட்கிறார்கள்.

மதியம் டீக்கடைக்கு இறங்கினேன். பொள்ளாச்சி பஸ் நின்றிருந்தது. டிரைவர் டம்ளரும் கையுமாக என்னையே பார்த்தார். டீ வேண்டாம் என்று மேலே வந்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி
ஓட்டம்: இல்லை

எஸ்தரம்மா இட்லி வைத்துக்கொண்டே கேட்டார். "வண்டிய ஏன் சார் இப்படி மூக்க செவுத்துல முட்டுற மாதிரி நிறுத்திருக்கீங்க? எப்படி வெளிய எடுப்பீங்க?"

லாட்ஜின் முற்றம் ரோட்டிலிருந்து நல்ல சரிவு. சரிவின் அடியில் சுவர். அன்றைக்கு அவசரத்தில் நேராக உள்ளே விட்டுவிட்டேன். இதற்கு ரிவர்ஸ் கியர் கிடையாது, மேட்டில் பின்னுக்குத் தள்ள என் ஒருத்தனால் ஆகாது. பெரிய வண்டி வைத்திருப்பவனுக்கு முதல் பாடமே பள்ளத்தைப் பார்த்து நிறுத்தாதே என்பதுதான். புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

"டீக்கடையில நாலு பேர் சும்மாத்தான் இருக்காங்க, கூப்பிடவா? ஒரு நிமிசத்துல இழுத்து விட்டுருவாங்க."

"இப்ப வேண்டாம்மா. பார்ட்ஸ் வரட்டும்."

"பார்ட்ஸ் வர்றதுக்கும் வண்டியத் திருப்பி வைக்கறதுக்கும் என்ன சார்?" என்றார். பதிலுக்கு இன்னொரு இட்லி கேட்டேன்.

ஜூன் 21, சனி
ஓட்டம்: இல்லை

சம்பந்தியாகப் போகிற விஸ்வநாதன் பேசினார். கோபிப் பக்கம் மஞ்சள் வியாபாரம், அதிர்ந்து பேசமாட்டார்.

"ஏனுங், நல்லா இருக்கறீங்களா? வண்டி ரிப்பேருன்னு தங்கச்சி சொன்னாங்க. அதுக்கில்லீங், உங்களுக்கு மனசுல வேற ஏதாச்சும் இருந்தாலும் சொல்லீரலாமுங். நாங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டமுங்."

வேறு என்ன இருக்கப் போகிறது என்றேன். "கிளட்ச்தானுங்க." சரிங் என்று வைத்துவிட்டார். இந்த மனிதருக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, பாவம்.

மாப்பிள்ளை தரணிதரன் கால்நடை டாக்டர். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அப்பா அம்மாவைக் காரில் அனுப்பிவிட்டு அவர் மட்டும் பின்னால் ஒரு ஸ்கூட்டரில் வந்தார். வரும் வழியில் ஏதோ மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டு வந்தாராம். "தண்ணி கேன் போடற வண்டியாட்ட இருக்குது, மேல உக்காந்து வர்றது மாப்பிள்ளையா, கேனா?" என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நந்திதா மட்டும் காபித் தட்டோடு அப்படியே நின்றாள். வேடிக்கைக்குச் சொன்னதுதானே.

ஜூன் 22, ஞாயிறு
ஓட்டம்: இல்லை. நடை: 400 மீட்டர்

காலையில் வளைவு வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தேன். எதற்கு என்று தெரியவில்லை. தகடு உரசிய கோடு தார் ரோட்டில் இன்னும் இருக்கிறது, இரண்டு அடி நீளம். மழையிலும் அழியவில்லை.

திரும்பும்போது பின்னாலிருந்து பஸ் வந்து நின்றது. அதே டிரைவர். எஞ்சினை அணைக்காமல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"சார், நல்லாருக்கீங்களா? நாலஞ்சு நாளா பாக்குறேன், நீங்க ஒதுங்கி ஒதுங்கிப் போறீங்க. என் பேரு அருளப்பன்."

"எனக்கு உங்களைத் தெரியாதே."

"தெரியும் சார். அன்னிக்கு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு வந்தீங்களே, ரோட்டப் பாக்காம." கோபமாகச் சொல்லவில்லை. "எனக்கு ஒதுக்க எடமில்ல. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், உள்ள நாப்பத்தஞ்சு பேரு. பிரேக்க மிதிச்சுட்டு மாதாவேன்னு நின்னுட்டேன். நான் யார்கிட்டயும் சொல்லல சார். நாளைக்கு நம்ம பஸ்ல வாங்க, முன் சீட்டு போட்டு வைக்கிறேன்."

உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கியர் போட்டார். நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

ஜூன் 23, திங்கள்
ஓட்டம்: இல்லை

கிளட்ச் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்
ஓட்டம்: இல்லை

நேற்று எழுதிய வரியை அடித்துவிடலாம் என்று இரண்டு முறை பேனாவை எடுத்தேன். இருக்கட்டும். இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்.

பதினைந்தாம் தேதி நடந்தது இது. வளைவில் சாய்த்தேன், தகடு உரசியது, நிமிர்த்திவிட்டேன். புதிதாக ஓட்டுகிறவன் செய்வதைத்தான் செய்தேன். எதிரில் பஸ். அதன் கண்ணாடிக்குக் கீழே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருந்தது. மிளகாய் எத்தனை என்றுகூடச் சொல்வேன், நான்கு. பார்க்காதே, பார்க்காதே என்று எனக்கு நானே கத்தினேன். கண் அங்கேதான் இருந்தது. வண்டி நின்றபோது பஸ்ஸுக்கும் என் முன் சக்கரத்துக்கும் ஒரு முழம். பஸ்ஸின் முன் சீட்டில் ஒரு அம்மாள் மடியிலிருந்த குழந்தையை முகத்தோடு சேர்த்து மூடிக்கொண்டிருந்தார்.

இது முதல் தடவையும் அல்ல. மூன்று வருடத்துக்கு முன்னால் ஏற்காட்டில் இதே மாதிரி உரசியது, நிமிர்த்திவிட்டேன். அன்றைக்கு எதிரில் ஒன்றும் வரவில்லை. பின்னால் வந்தவர்கள், தலைவர் என்ன அகலமாக எடுக்கிறார் பார் என்று விசிலடித்தார்கள். அடுத்த கூட்டத்தில், இனிமேல் நான் வாலாக வருகிறேன் என்றேன். கை தட்டினார்கள். வாலுக்குப் பின்னால் யாரும் வருவதில்லை. அதற்காகத்தான்.

இன்று காலை ஹெல்மெட்டைக் கையில் எடுத்தேன். கீழே வைத்துவிட்டேன். பஸ்ஸில் போகலாம். போனால் வண்டியை எடுக்கத் திரும்ப வர வேண்டும், இல்லை டெம்போ வைக்க வேண்டும். ஏழு பேரும் மாலையோடு நிற்பார்கள். எதைச் செய்தாலும் வெளியே வந்துவிடும். அரை மணிக்கு ஒரு பஸ் ஜன்னலுக்குக் கீழே ஹார்ன் அடித்துக்கொண்டு போகிறது. காதை அடைத்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

சாயந்திரம் ஞானவேல்: "அண்ணா, இருபத்தாறாம் தேதி நாங்க ஏழு பேரும் ஆழியாறுல ரெடியா நிக்கறமுங்ணா. பூவெல்லாம் கட்டி உங்களை ஊர்வலமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். நந்திதா பாப்பா நிச்சயத்துக்கு நம்ம குழு மொய் இதுதானுங்ணா." அட்டகாசம் என்றேன். என் வாயில் அதுதான் வந்தது.

ஜூன் 25, புதன்
ஓட்டம்: இல்லை

அமாவாசை. பாக்கியம் இன்று பேசவில்லை. நான் கூப்பிட்டபோது எடுத்து, "உங்களுக்குத் தோணும்போது வாங்க" என்று மட்டும் சொன்னாள். கோபத்தில் கத்துவாள், எனக்குப் பழக்கம். இது கத்தல் இல்லை.

ஜூன் 26, வியாழன்
வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒன்பதரை பஸ்ஸிலிருந்து நந்திதா இறங்கினாள்.

நான் மெஸ்ஸில் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு நிச்சயம் வைத்துக்கொண்டு, கையில் மருதாணியோடு, ஒற்றை ஆளாக மலையேறி வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அப்பா, ஒரே கேள்விதான். நேராப் பதில் சொல்லுங்க. உங்களுக்கு இந்தச் சம்பந்தம் புடிக்கலீங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன கண்ணு பேசற?"

"அன்னைக்கு அவரு ஸ்கூட்டரைப் பாத்துக் கேலி பண்ணுனீங்க. மண்டபம் பாக்க வரல. பொடவை எடுக்க வரல. பதினோரு நாளா இங்க வந்து உக்காந்துட்டு இருக்கறீங்க. பொண்ணோட அப்பாவுக்கு இஷ்டமில்லையாட்ட இருக்குது, வம்பு வேண்டாம், நிறுத்திக்கலாம்னு அவங்க வீட்டுல பேசறாங்க. நானும் தரணிகிட்டச் சொல்லிட்டேன், அப்பாவை நேராக் கேக்கறேன், அவரு வேண்டாம்னா வேண்டாம்னு." குரல் உடைந்தது, ஆனால் அழவில்லை. "அவரை எனக்குப் புடிச்சிருக்குதுப்பா. ஆனா நீங்க மூஞ்சிய இப்படித் தூக்கி வெச்சுட்டு இருந்தா எனக்குக் கல்யாணம் வேண்டாம்."

விஸ்வநாதன் கேட்டது, பாக்கியத்தின் குரல், எல்லாம் அப்போதுதான் விளங்கியது. என்ன முட்டாள் நான். என் மகளின் வாழ்க்கையை லாட்ஜில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டே கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஐயோ, அதில்ல கண்ணு. வண்டி..."

"கிளட்ச்னு சொல்லாதீங்க. மெக்கானிக்கே வேண்டாம்னுட்டீங்கன்னு ஞானவேல் மாமா சொன்னாரு."

சொல்லிவிட்டேன். "எனக்குப் பயமா இருக்குது. இந்த எறக்கத்துல ஓட்டறதுக்கு."

என்னையே பார்த்தாள். முகத்தில் ஒரு இளக்கமும் இல்லை.

"வேற நல்ல காரணமா சொல்லுங்கப்பா. லடாக் போயிட்டு வந்தவரு நீங்க. சைக்கிள்ல இருந்து விழுந்து அழுதப்போ, பயம்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாதுன்னு சொன்னவரு. உங்களுக்குப் பயமா? புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லுங்க, நான் தாங்கிக்குவேன். என்கிட்டப் பொய் மட்டும் சொல்லாதீங்க."

முப்பது வருடமாக நான் சொன்ன கதையெல்லாம் நம்பினவள், முதல் தடவையாக நான் சொன்ன உண்மையை நம்பவில்லை. எஸ்தரம்மா கரண்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். வேறு வழி தோன்றவில்லை. "அந்த நாலு பேரைக் கொஞ்சம் கூப்பிடுங்கம்மா" என்றேன்.

நான்கு பேர் வந்தார்கள். இரண்டு பேர் பின்னால் இழுக்க, இரண்டு பேர் முன்னாலிருந்து தள்ள, வண்டி சரிவில் முனகிக்கொண்டு ரோட்டுக்கு வந்தது. ஸ்டார்ட் செய்தேன். நந்திதாவைப் பக்கத்திலேயே நடந்து வரச் சொன்னேன். முதல் கியரில், பாதிக் கிளட்சில், நடக்கிற வேகத்தில் வளைவு வரைக்கும் கொண்டுபோனேன். இந்த எடையை நடக்கிற வேகத்தில் ஓட்டுவதுதான் கஷ்டம், அதில் நான் கெட்டிக்காரன். அதுவரைக்கும் அவள் என்னை நம்பவில்லை என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

இறக்கம் தெரிந்ததும் நின்றேன். இடது காலை ஊன்றினேன். அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. எடு என்கிறேன், கால் கேட்கவில்லை. முழங்கால் ஆட ஆரம்பித்தது, பூட்ஸ் எஞ்சினுக்கு முன்னாலிருக்கும் கம்பியில் டக்டக்கென்று அடித்துக்கொண்டது, எல்லோருக்கும் கேட்கும்படியாக. ஹெல்மெட்டுக்குள் மூச்சு முட்டி வேர்வை கண்ணில் இறங்கியது. கீழே ஒரு வண்டியும் வரவில்லை. வெறும் ரோடு. எனக்கு அந்த எலுமிச்சம்பழம் தெரிந்தது.

"அப்பா" என்றாள். பிறகு வேறு குரலில், "அப்பா! போதும். ஆஃப் பண்ணுங்க."

ஆஃப் செய்தாள், அவளே. அந்த நான்கு பேரும் ஓடிவந்து வண்டியைப் பிடித்துக்கொண்டார்கள். பிரேக்கிலிருந்த என் விரல்களை அவள்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றித் துப்பட்டாவால் என் முகத்தைத் துடைத்தாள். அப்புறம் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"இதைச் சொல்றதுக்குப் பதினோரு நாளாப்பா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். ரோட்டோரத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். அந்த நான்கு பேர் முன்னாலேயே அழுதேன், வெட்கமாக இல்லை.

வண்டியை எஸ்தரம்மாவிடம் விட்டுவிட்டு அருளப்பன் பஸ்ஸில் ஏறினோம். முன் சீட்டு காலியாக இருந்தது. "மெதுவாப் போறேன் சார்" என்றதோடு சரி. நாற்பது வளைவும் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் நல்லவன். ஆழியாறு செக்போஸ்ட்டில் பஸ் நின்றது. ரோட்டோரத்தில் ஏழு வண்டிகள், ஹேண்டில்பாரில் செவ்வந்தி மாலை. ஞானவேல் மேலே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினேன். பஸ் கிளம்பி நூறு மீட்டர் போகும்வரை கட்டினேன். நந்திதா பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து, அவசரமாகக் காரில் வந்துவிட்டேன், மண்டபத்தில் பார்க்கலாம் என்று ஞானவேலுக்கு மெசேஜ் போட்டேன்.

சாயந்திரம் அவளிடம் கேட்டேன். "மாப்பிள்ளை வீட்டுல என்ன சொன்னே?"

"அப்பாவுக்கு சம்மதம்னு தரணிகிட்டச் சொன்னேன். அதை அவங்க அப்பா முழுசா நம்பலையாட்ட இருக்குது. ஏன் வரலைங்கறதை நான் சொல்ல மாட்டேன்பா. அது உங்களுது, நீங்களே சொல்லுங்க."

ஜூன் 27, வெள்ளி

மண்டபம் நிறைந்த கூட்டம். பின் வரிசையில் குழு மொத்தமும் கறுப்பு ஜாக்கெட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. நந்திதா மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டு கட்டியிருந்தாள். அவள் எடுத்த புடவை, நான் போகாத அன்றைக்கு. தரணிதரன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பயந்திருக்கிறார் பையன். அவர் கையைப் பிடித்து, "அன்னைக்கு நான் பேசுனது தப்புங்க மாப்பிள்ளை" என்றேன். பரவாயில்லீங் மாமா என்றார்.

சம்பந்தத்தை உறுதி செய்ய உப்புச் சர்க்கரை மாற்றத் தட்டு எடுத்து வைத்தார்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் எதிரெதிரே உட்கார்ந்தோம். தட்டில் கை வைப்பதற்கு முன்னால் விஸ்வநாதன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஒரு நிமிசமுங். பெரியவிய எல்லாரும் இருக்கறாங்க. எனக்கு ஒரே மகனுங், ஒரே கல்யாணமுங். நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாது. பதினோரு நாளா நீங்க மேல உக்காந்துட்டீங்க. காரணம் என்னன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லீருங். அப்புறம் மாத்திக்கலாமுங்."

பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள். நந்திதா என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, சும்மா பார்த்தாள். பின் வரிசையிலிருந்து ஞானவேல் எட்டிப் பார்த்தான்.

எழுந்து நின்றேன். "எனக்கு இந்தச் சம்பந்தம் பூரண சம்மதமுங்க. வராம இருந்ததுக்குக் காரணம் வேற ஒண்ணுமில்ல. அந்த வளைவுல வண்டிய எறக்கறதுக்குப் பயந்துட்டு உக்காந்திருந்தேனுங்க."

பின்னாலிருந்து ஞானவேல் வெடித்துச் சிரித்தான். "யாரு, எங்க தலைவரா? பயந்தாராமா!" ஏழு பேரும் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். அதைப் பார்த்துப் பெண்டுகள் சிரித்தார்கள், சமையல்காரர்கள் வரைக்கும் சிரித்தார்கள். ஒருத்தன் விசிலடித்தான். நல்ல தமாஷ், தலைவர் தலைவர்தான். நானும் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். வாய் ஓரம் அதற்குத் தயாராகக்கூட ஆகிவிட்டது.

விஸ்வநாதன் சிரிக்கவில்லை. கை இன்னும் மடியில்தான் இருந்தது. நந்திதாவும் சிரிக்கவில்லை.

சிரிப்பு அடங்கும்வரை நின்றுகொண்டிருந்தேன். பிறகு ஞானவேலைப் பார்த்து, இன்னொரு தடவை சொன்னேன்.